சினிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஆராய்வது எப்படி

தீமையைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களுள் சினிஸ்டர் என்பதற்குத் தனி இடம் உண்டு. அதன் பிறப்பைப் பற்றி யாரைக் கேட்டாலும், லத்தீன் மொழியில் அதற்கு 'இடது' என்று பொருள், இடப்பக்கத்தைக் கெட்டதாகக் கருதியதால் அது தீமையைக் குறிக்கலாயிற்று என்ற ஒற்றை வரி விடைதான் கிடைக்கிறது. அந்த விடை பொய்யன்று. ஆனால் சுமார் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை அது ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. நடுவே இருக்கும் சுவையான பகுதிகள் அனைத்தும், அவற்றுள் அந்த விடைக்கே முரணானவையும் கூட, கண்ணில் படாமல் போகின்றன. ஒரு சொல்லின் பொருளையும் பிறப்பையும் முறையாகத் தேட விரும்புவோர் இந்தச் சொல்லை வைத்தே பயிற்சியைத் தொடங்கலாம். தேவையான சான்றுகள் எளிதில் கிடைக்கின்றன. வழுக்கி விழும் இடங்களும் போதிய அளவில் இருக்கின்றன.

வேரைத் தேடுவதற்கு முன் இன்றைய பொருளைத் துல்லியமாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். பலரும் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நேரே லத்தீனுக்குப் போய்விடுகிறார்கள். 'தீய' என்று பொருள்படும் ஈவில் என்ற ஆங்கிலச் சொல்லும் சினிஸ்டர் என்பதும் ஒன்றல்ல. நடந்து முடிந்த ஒரு கொலையை ஈவில் என்று சொல்லலாம். அந்தக் கொலைக்கு முந்தைய இரவில் ஒருவர் முகத்தில் தோன்றிய புன்னகையையே சினிஸ்டர் என்பார்கள். புன்னகை, மௌனம், நிழல், உள்நோக்கம், சூழ்ச்சி ஆகியவற்றோடுதான் இச்சொல் பெரும்பாலும் சேர்ந்து வருகிறது. அதாவது, தீமை இன்னும் வெளிப்படவில்லை. ஆனால் அது வரப்போகிறது என்பதற்கான அறிகுறி தென்படுகிறது. ஆகவே 'தீய' என்று மட்டும் தமிழில் எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். ஒரு நோக்கத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் 'கெடுநோக்குள்ள' என்பதும், ஒரு சூழலைப் பற்றியதாக இருந்தால் 'ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது' என்று நாம் சொல்லும்போது மனத்தில் எழும் உணர்வும் அதற்கு மிக நெருக்கமாக வருகின்றன. இந்த 'அறிகுறி' என்ற கூறைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் சான்றுகளைப் படிக்கும்போது அது உதவும்.

அடுத்ததாக அகராதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சொல்லுக்குரிய பொருள்களை எல்லா அகராதிகளும் ஒரே முறையில் வரிசைப்படுத்துவதில்லை. மாணவர்களுக்கான அகராதிகள் இன்று அதிகமாக வழங்கும் பொருளை முதலில் தருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி காலவரிசையைப் பின்பற்றுகிறது. 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவடைந்த அந்தப் பெரும்பணியில், ஒவ்வொரு பொருளுக்கும் அது முதன்முதலில் எழுத்தில் காணப்படும் இடமும் ஆண்டும் மேற்கோளுடன் தரப்பட்டுள்ளன. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் பழைய பொருளையே முதலில் வைக்கிறது; இதை அறியாதவர்கள் முதல் எண்ணிட்ட பொருளையே இன்றைய முதன்மைப் பொருள் என்று எடுத்துக்கொண்டு குழம்புவதைப் பலமுறை பார்க்கலாம். லத்தீன் சொல்லுக்கு, 1879இல் வெளிவந்த லூயிஸ்-ஷார்ட் அகராதி இன்றும் பயன்படுகிறது; அது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த இணையச் சொற்பிறப்பு அகராதி தொடக்கத்திற்கு நல்ல வழிகாட்டி. ஆயினும் அது பிற அகராதிகளின் முடிவுகளைச் சுருக்கித் தருவது என்பதால், ஐயமான இடங்களில் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

சொற்பிறப்புக் குறிப்பைப் படிப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு வடிவத்தின் முன்னே உடுக்குறி (*) இருந்தால், அது எந்த ஏட்டிலும் காணப்பட்ட வடிவமன்று, ஒப்பீட்டின் வழியாக மொழியியலாளர் மீட்டமைத்த வடிவம் என்று பொருள். 'ஒருவேளை', 'இருக்கலாம்' போன்ற சொற்கள் அலங்காரத்துக்காக இடப்படுவன அல்ல; நீங்கள் குறிப்பெடுக்கும்போதும் அவற்றை அப்படியே எடுத்தெழுத வேண்டும். இணையத்தில் உலவும் சொற்கதைகளில் பாதிக்கு மேல், யாரோ ஒருவர் 'ஒருவேளை' என்பதை விட்டுவிட்டு எழுதியதால் பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துச் செல்லலாம். ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் செனெஸ்த்ர், சினிஸ்த்ர் என்ற வடிவங்களிலிருந்து வந்தது. அவை லத்தீன் சினிஸ்டர் என்பதிலிருந்து வந்தன. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் காலவரிசையைக் கவனித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இச்சொல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகாட்டும்போதே, தீய எண்ணத்தால் தூண்டப்பட்ட, பிறரைத் தவறாக வழிநடத்தும் நோக்கமுடைய பேச்சையும் செய்தியையும் குறிக்கிறது. 'இடப்பக்கம்' என்ற நேர்ப்பொருளுக்கான ஆங்கிலச் சான்றுகள் அதற்குப் பின்னரே வருகின்றன. வேர்ப்பொருள் முதலில், உருவகப் பொருள் பிறகு என்று நாம் எதிர்பார்க்கும் வரிசை இங்கே தலைகீழாக இருக்கிறது. காரணம் எளியது: ஆங்கிலேயர் இடக்கையைப் பார்த்துத் தீமையை நினைத்து இச்சொல்லை உருவாக்கவில்லை; ஏற்கெனவே கெட்டுப்போன பொருளோடுதான் அதைக் கடன் வாங்கினார்கள். நேர்ப்பொருளைப் பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீனிலிருந்து மீண்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இரு பொருள்களும் நெடுநாள் ஒன்றாக வாழ்ந்ததை ஷேக்ஸ்பியரிடம் காணலாம். 'ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்' நாடகத்தில் ஒரு படைவீரனின் சினிஸ்டர் கன்னத்தில் தழும்பு இருப்பதாக ஒரு பாத்திரம் சொல்கிறது. அது வெறும் இடது கன்னம்தான், அதில் அச்சுறுத்தல் ஏதுமில்லை. 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், பிரெஞ்சு அரியணைக்கு ஆங்கில மன்னன் முன்வைக்கும் உரிமை சினிஸ்டரானதும் அன்று, ஆக்வர்டானதும் அன்று என்று தூதர் முழங்குகிறார். அங்கே நேர்மையற்ற, கோணலான உரிமை என்பதே பொருள். பழைய நூல்களைப் படிப்போர் இச்சொல்லைக் கண்டவுடன் தீமை என்று முடிவுசெய்யாமல், அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். கன்னம், கை, பக்கம் என்று உடலோ திசையோ வந்தால் இடது; கருத்து, நோக்கம், செய்தி என்று மனம் சார்ந்தது வந்தால் தீமை. இந்த எளிய சோதனை பெரும்பாலும் பலிக்கும்.

கெட்ட பொருள் லத்தீனிலேயே ஏற்பட்டுவிட்டது என்றால், அங்கே அது எப்படி நேர்ந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. விடை ரோமானியரின் நிமித்தம் பார்க்கும் முறையில் இருக்கிறது. ரோமில் ஆகர்கள் என்ற நிமித்திகர் இருந்தனர். பறவைகள் எந்தத் திசையில் பறக்கின்றன, எந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுக்கின்றன, மின்னல் எங்கே வெட்டுகிறது என்பவற்றைக் கொண்டு கடவுளரின் சம்மதத்தை அறிவது அவர்கள் பணி. இதற்காக வானத்தைப் பகுதிகளாகப் பிரிப்பார்கள். லத்தீன் அறிஞர் வர்ரோ அந்தப் பிரிவை விவரிக்கும்போது முன்பக்கம் தெற்கு, பின்பக்கம் வடக்கு, இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு என்கிறார். தெற்கு நோக்கி நிற்பவருக்குக் கதிரவன் எழும் கிழக்கு இடப்பக்கம் அமைகிறது. எனவே பழைய ரோமானிய முறையில் இடப்பக்க நிமித்தம் நல்ல நிமித்தம்! கிரேக்கர் வடக்கு நோக்கி நின்றதால் கிழக்கு அவர்களுக்கு வலப்பக்கமாயிற்று. அவர்களுக்கு வலமே நலம், இடம் கேடு. இந்த முரண்பாட்டை ரோமானிய எழுத்தாளர் சிசரோவே நிமித்தம் பற்றிய தம் நூலில் எடுத்துப் பேசுகிறார்: நமக்கு இடப்பக்கம் மேலானதாகத் தோன்றுகிறது, கிரேக்கருக்கும் பிற இனத்தாருக்கும் வலப்பக்கம் மேலானதாகத் தோன்றுகிறது என்பது அவர் கூற்றின் சாரம். கிரேக்க இலக்கியமும் பழக்கங்களும் ரோமில் செல்வாக்குப் பெறப் பெற, கிரேக்கரின் பொருளும் உடன் வந்து சேர்ந்தது. அதனால்தான் லத்தீன் அகராதியில் இதே சொல்லுக்கு 'நற்குறியான' என்ற பொருளும் 'தீக்குறியான' என்ற பொருளும் அருகருகே நிற்கின்றன. லத்தீன் நூலொன்றை மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'தீக்குறி' என்று எழுதினால், ஆசிரியர் கருதியதற்கு நேர் எதிரானதை எழுதியவராவார்.

தொடக்கத்தில் குறித்துக்கொண்ட 'அறிகுறி' எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பது இப்போது தெரிகிறது. இச்சொல் லத்தீனில் தீச்செயலைக் குறிப்பதற்கு முன் தீ நிமித்தத்தைக் குறித்திருக்கலாம்.

லத்தீனில் இப்பொருள் திசையை முழுவதும் உதறிவிட்டதா என்பதையும் சோதிக்க வேண்டும். பொருள் மாற்றத்தை உறுதிசெய்ய ஒரு நல்ல வழி, பழைய பொருளுக்குச் சிறிதும் இடமில்லாத ஒரு தொடரைக் கண்டுபிடிப்பது. வேளாண்மை பற்றி ரோமானியக் கவிஞர் வெர்ஜில் பாடிய நூலில் தென்காற்றை மரங்களுக்கும் பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் சினிஸ்டர் என்கிறார். காற்று எதற்கும் இடப்பக்கமாக இருக்க முடியாது. 'கேடு விளைவிப்பது' என்பது தவிர அங்கே வேறு பொருள் இல்லை. கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த ஒரு தொடர் இன்னொரு பிழையையும் தடுக்கிறது. மத்தேயு நற்செய்தியில் செம்மறியாடுகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் நிறுத்தும் இறுதித் தீர்ப்புக் காட்சி வருவதால், கிறித்தவமே இச்சொல்லைக் கெடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். லத்தீன் விவிலியம் அந்த இடத்தில் இதே சொல்லைப் பயன்படுத்துவது உண்மை. இடப்பக்கத்தின் மீதான வெறுப்பை அது ஐரோப்பாவில் வலுப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் கிறித்தவம் தோன்றுமுன்பே வெர்ஜிலின் காற்று வீசிவிட்டது. எது காரணம், எது துணை என்பதை இப்படித் தேதிகளை வைத்தே பிரிக்க முடியும்.

லத்தீன் சொல்லுக்கும் அப்பால் போக முடியுமா? ஓரளவுக்குத்தான். அதன் இறுதியில் உள்ள 'டெர்', இரண்டில் ஒன்றைப் பிரித்துக் காட்டும் ஒட்டு. 'வலது' என்ற பொருளுடைய டெக்ஸ்டர் என்பதிலும் அதுவே இருக்கிறது. டெக்ஸ்டருக்கு உறவினர் தெளிவாகத் தெரிகிறார்கள்: கிரேக்கத்தில் டெக்சியோஸ், வடமொழியில் தக்ஷிண. கிழக்கு நோக்கி நிற்பவருக்கு வலப்பக்கம் தெற்கு என்பதால் வடமொழிச் சொல் வலத்தையும் தெற்கையும் சேர்த்துக் குறித்தது. சினிஸ்டருக்கு இப்படி உறுதியான உறவினர் இல்லை. 'மேலும் பயனுள்ள' என்ற பொருளுடைய ஸனீயான் என்ற வடமொழிச் சொல்லோடு அதை இணைக்கும் ஒரு கருத்து உண்டு. அதை 'ஒருவேளை' என்ற அடைமொழியோடு மட்டுமே எழுத வேண்டும்.

அந்தக் கருத்து முதற்பார்வையில் விசித்திரமாகத் தோன்றும்; தீமையைக் குறிக்கும் சொல்லுக்குப் பயனுள்ளது என்ற வேரா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பக்கத்து மொழிகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது. கிரேக்கத்தில் இடப்பக்கத்துக்கு வழங்கிய அரிஸ்டெரோஸ் என்ற சொல் 'சிறந்தது' என்ற சொல்லிலிருந்து பிறந்தது; இன்னொரு சொல்லான யூவோனிமோஸ் என்பதற்கு 'நற்பெயருடையது' என்பதே நேர்ப்பொருள். பழைய ஆங்கிலத்தில் இடப்பக்கம் வினஸ்ட்ர எனப்பட்டது. அது 'நண்பன்' என்ற சொல்லோடு தொடர்புடையது. அஞ்சிய ஒன்றுக்கு நல்ல பெயர் சூட்டி அழைக்கும் மங்கல வழக்கு இது. நாம் பாம்பை 'நல்லது' என்று சொல்வதில்லையா, அதே மனநிலைதான். மங்கலச் சொல்லுக்கும் ஒரு விதி உண்டு: எந்தப் பொருளை மறைக்க அது சூட்டப்பட்டதோ அந்தப் பொருளின் கறை நாளடைவில் அதன்மேலும் படிந்துவிடும். பிறகு இன்னொரு புதிய சொல் தேவைப்படும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வலத்துக்கான பழைய சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்திருக்க, இடப்பக்கத்துக்கான சொற்கள் மட்டும் மொழிக்கு மொழி மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. வினஸ்ட்ர மறைந்து, 'வலுவற்ற' என்ற பொருளுடைய லிஃப்ட் என்ற பழைய வடிவத்திலிருந்து வந்த லெஃப்ட் ஆங்கிலத்தில் நிலைத்தது. பிரெஞ்சில் செனெஸ்த்ர் போய்க் கோஷ் வந்தது. ஸ்பானிய மொழி தனக்கு எவ்வகையிலும் உறவற்ற பாஸ்க் மொழியிலிருந்து இஸ்கியேர்தா என்ற சொல்லைக் கடன் வாங்கியது.

கோஷ் பின்னர் ஆங்கிலத்துக்கும் வந்து 'நாகரிகம் அறியாத, நயமற்ற' என்ற பொருளைப் பெற்றது. அட்ராய்ட் என்ற சொல் 'சரியாக, முறைப்படி' என்ற பொருளுடைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்து 'திறமையுள்ள' என்றாயிற்று; அத்தொடரில் உள்ள த்ருவா என்ற சொல்லுக்கு 'வலது' என்ற பொருளும் உண்டு. இரு கைகளாலும் வேலை செய்பவரைக் குறிக்கும் ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் என்ற சொல்லுக்கு, பிரித்துப் பார்த்தால், 'இரண்டும் வலக்கையாக உடைய' என்றுதான் பொருள். இடக்கைக்கு அதில் மதிப்பே இல்லை.

இத்தாலிய மொழியையும் மறக்காமல் பாருங்கள். அங்கே சினிஸ்த்ரா என்பது இன்றும் இடப்பக்கத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். வழி சொல்பவரும் இடதுசாரிக் கட்சியைப் பற்றிப் பேசுபவரும் அதையே சொல்கிறார்கள். கேட்பவர் எவரும் அஞ்சுவதில்லை. ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் ஒரு மொழியில் திசையாகவும் இன்னொரு மொழியில் தீமையாகவும் நிற்கிறது என்றால், வேரில் பொருள் அடங்கியிருக்கிறது என்ற வாதம் நிற்காது. ஒரு சொல்லின் இன்றைய பொருளைத் தீர்மானிப்பது இன்றைய வழக்கு. சொற்பிறப்பு, அது அங்கே வந்து சேர்ந்த பாதையை மட்டுமே காட்டும். சினிஸ்டர் என்று எழுதுபவர் இடக்கைப் பழக்கமுள்ளவர்களை இழிவுபடுத்துகிறார் என்று வாதிடுவது இந்த வேறுபாட்டை மறந்ததால் வரும் பிழை.

ஒலி ஒற்றுமையை நம்பி ஏமாறுவது இன்னொரு பிழை. சின் என்றால் பாவம். சினிஸ்டர் என்ற சொல்லின் முதல் அசையும் அதுவே. ஆகவே இரண்டும் ஒன்று என்று தோன்றலாம். சின் என்பது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ஜெர்மானிய வழி வந்தது. லத்தீனோடு கொடுத்து வாங்கியதன்று. ஈவில், டெவில் இணையும் இப்படிப்பட்டதே. முதலாவது ஜெர்மானியச் சொல். இரண்டாவது, 'அவதூறு சொல்பவன்' என்ற பொருளுடைய கிரேக்க டியபோலோஸ் லத்தீன் வழியாக வந்து திரிந்த வடிவம். இன்று ஒலியில் நெருங்கி நிற்கும் இவற்றின் பழைய வடிவங்களை, அதாவது யுஃபெல் என்பதையும் டேயோஃபொல் என்பதையும் அருகருகே வைத்தால் உறவு இல்லை என்பது புலப்படும். தமிழில் 'இடக்கு' என்ற சொல்லைக் கண்டவுடன் அதை இடக்கையோடு முடிச்சுப் போட ஆசை எழலாம். அந்த ஆசைக்கும் இதே சோதனைதான்: பழைய வடிவம், பழைய ஆட்சி, இரண்டையும் காட்டாமல் எழுதக் கூடாது.

துறைச் சொற்களில் நேர்ப்பொருள் இன்றும் உயிரோடு இருப்பதால் மொழிபெயர்ப்போர் அங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண் மருத்துவச் சீட்டில் ஓ.எஸ். என்றிருப்பது ஆக்குலஸ் சினிஸ்டர், அதாவது இடது கண். வேதியியலில், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக அமையும் மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் ஆர், எஸ் என்ற எழுத்துகளுள் எஸ் என்பது இச்சொல்லே. குடும்பங்களின் கேடயச் சின்னங்களை விவரிக்கும் ஐரோப்பியக் குலச்சின்னவியலில் சினிஸ்டர் என்பது கேடயத்தின் இடப்பக்கம். ஆனால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் இடம், பார்ப்பவருக்கு வலம். அத்துறையில் பெண்ட் சினிஸ்டர் என்ற சாய்வுப் பட்டை முறைபிறழ்ந்த பிறப்பின் அடையாளம் என்று பேச்சுவழக்கில் பெயர் பெற்றுவிட்டதால், கதை எழுதுவோர் அதைத் தீய குறியாகவே கையாளுகிறார்கள். குலச்சின்னத்தின் வருணனையை மொழிபெயர்க்கும்போது 'இடச்சாய்வுப் பட்டை' என்று எழுதுவதே சரி.

இம்முறையை வேறொரு சொல்லில் முயன்று பார்க்க விரும்பினால், தமிழிலும் நன்கு வேரூன்றிவிட்ட வில்லன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். லத்தீனில் வில்லா என்பது பண்ணை வீடு. வில்லானுஸ் என்பவன் அந்தப் பண்ணையைச் சேர்ந்த உழைப்பாளி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது அது தாழ்ந்த குடியில் பிறந்தவனையும், பின்னர் இழிகுணம் உடையவனையும், அதன்பின் கயவனையும் குறித்தது. கதையிலும் நாடகத்திலும் நாயகனுக்கு எதிராக நிற்பவன் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இங்கே நிமித்தமும் இல்லை, மங்கல வழக்கும் இல்லை. சொல்லைக் கெடுத்தது, உழுதவனை இழிவாகப் பார்த்த மேற்குடியின் கண். சினிஸ்டருக்குக் கிடைத்த விளக்கத்தை இதற்கும் பொருத்த முயல வேண்டாம். வில் என்ற தமிழ்ச் சொல்லோடு இதற்கு உறவு கற்பிப்பவர் யாரேனும் வந்தால், பண்ணை வீட்டிலிருந்து தொடங்கும் தேதிகளை அவர் முன் வரிசையாக வையுங்கள்.